காலிப் பாட்டிலையும் கழிவுநீர் மாதிரியாக ஏற்கக் கோருவது

அனுப்புநர்:
மண்ணில்லாத் தோட்டக் கொட்டகையின் உரிமையாளர்
(சக விவசாயிகளால் “உர டாக்டர்” என்று அழைக்கப்படுபவர்),
வாய்க்கால் கரை, ஏரிக்கு மேல்புறம்.

பெறுநர்:
கழிவுநீர்க் கண்காணிப்பு அலுவலர் அம்மா அவர்கள்,
நீர்நிலைப் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: ஓடாத கழிவுநீருக்காக என் கொட்டகைக்குச் சீல் வைப்பதை நிறுத்தி வைக்கவும், வடிகால் உலர்ந்த தோட்டங்கள் தரும் காலிப் பாட்டிலை மாதிரியாக ஏற்றுக்கொள்ளவும் வேண்டுவது தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகத்தின் சீல் வைப்பு அறிவிப்பு.
2. எங்கள் வீட்டுச் சமையலறையில் என்னால் தயாரிக்கப்பட்ட ஒரு லிட்டர் கழிவுநீர்.

பெருமதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். புகார் மனு என்றால் யார் மீதாவது புகார் இருக்க வேண்டும் என்று மனு எழுதிப் பழகிய நண்பர் சொன்னார். என் புகார் தங்கள் அலுவலக விதி ஒன்றின் மீதும், என் மீதும். இரண்டில் எது அதிகம் தவறு செய்தது என்று எனக்கே நிச்சயமில்லாததால் இரண்டையும் கலந்தே எழுதியிருக்கிறேன். நீளமாகிவிட்டது. சுருக்கமாக எழுதத் தெரிந்திருந்தால் நான் இந்த நிலைமைக்கு வந்திருக்க மாட்டேன் என்பது மனுவைப் படித்து முடிக்கும்போது தங்களுக்கே விளங்கும்.

1. நான் மண் இல்லாமல் கீரையும் லெட்டூஸும் வளர்ப்பவன். தகரக் கூரை போட்ட கொட்டகைக்குள் வரிசையாக வெள்ளைக் குழாய்கள், குழாய் நெடுகத் துளைகள், துளைக்கு ஒரு செடி. வேர்கள் குழாய்க்குள் ஓடும் தண்ணீரில் தொங்கும். மூலையில் உள்ள தொட்டியில் உரத்தைக் கரைத்துவிட்டால் பம்பு அந்தத் தண்ணீரை எல்லாச் செடிகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தொட்டிக்கே திருப்பிக் கொண்டுவரும். பார்க்க வருகிறவர்கள், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்பார்கள். டாக்டர் பட்டம் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. நான் படித்தது வணிகவியல்.

2. நாளை காலை என் கொட்டகையின் மின் இணைப்பைத் துண்டித்துக் கதவுக்குச் சீல் வைக்கத் தங்கள் அலுவலகம் உத்தரவிட்டுள்ளது. மின்சாரம் நின்றால் பம்பு நிற்கும். மண்ணில் நிற்கும் செடி என்றால் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஓரிரு நாள் தாக்குப்பிடிக்கும். இவற்றுக்கு அந்த வசதி இல்லை. மாலைக்குள் அத்தனையும் தலை சாய்த்துவிடும். நான் சமர்ப்பித்த கழிவுநீர் மாதிரியில் உரத்தின் அளவு அனுமதிக்கப்பட்டதைப் போல் பல மடங்கு இருந்தது என்பதே உத்தரவுக்குக் காரணம். ஆய்வு முடிவில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. மிகச் சரியான ஆய்வு. ஆனால் அந்தத் தண்ணீர் என் கொட்டகையிலிருந்து வரவில்லை. அதை நான் வீட்டில் கலக்கினேன்.

3. இதைப் படித்ததும் இந்த ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தாங்கள் நினைப்பது இயல்பு. என் துணைவியாரும் அப்படித்தான் நினைக்கிறார். ஆகவே நடந்ததை முதலிலிருந்து சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

4. வாய்க்கால் கரையில் என்னைப் போல் இன்னும் சிலர் கொட்டகை போட்டிருக்கிறார்கள். உரம் எவ்வளவு கலப்பது என்று அவர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். நான் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வேன்: இன்னும் கொஞ்சம். தண்ணீரில் உரம் குறைந்தால் கூவும் மீட்டர் ஒன்று என் தொட்டியில் உண்டு. அது எப்போது கூவும் என்று காத்திருப்பதைவிட அது கூவவே கூடாது என்பது என் கொள்கை. செடி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். மிச்சம் சேரச் சேரத் தண்ணீர் கெட்டுப்போகும். அதனால் சனிக்கிழமைதோறும் தொட்டியின் வால்வைத் திறந்து அத்தனையையும் வாய்க்காலில் விட்டுவிட்டுப் புதுத் தண்ணீர், புது உரம் என்று மறுபடி தொடங்குவேன். என் பேச்சைக் கேட்டு மற்றவர்களும் சனிக்கிழமைதான் திறப்பார்கள். எல்லோரும் ஒரே நாளில் செய்வதால் ஒழுங்கு இருக்கிறது என்று அதற்கும் நானே ஒரு பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

5. அந்தக் காலத்தில் என் லெட்டூஸ் இலைகளின் ஓரம் கருகும். விற்பனைக்குப் போகும் முன் துணைவியார் கத்தரிக்கோலுடன் உட்கார்ந்து ஒவ்வோர் இலையாக ஓரம் வெட்டுவார். இலை ஏன் கருகுகிறது என்று அவர் கேட்டபோது, சத்துப் போதவில்லை என்று நான் விளக்கமளித்தேன். விளக்கத்தோடு நிற்கவில்லை, உரத்தையும் கூட்டினேன். கருகலும் கூடியது. கத்தரிக்கோலைச் சாணை பிடித்துக் கொடுத்தேன்.

6. வாய்க்கால் போய்ச் சேருவது ஏரியில். ஏரியில் மிதிபடகு வாடகைக்கு விடுபவர் என் மைத்துனர், அதாவது துணைவியாரின் அண்ணன். வாத்து வடிவத்தில் செய்த படகுகள். நாங்கள் சனிக்கிழமை அனுப்பி வைத்த உரத்தைத் தின்று ஏரிப் பாசி கொழுத்தது. தண்ணீர் பச்சைச் சாந்து போலாகிப் படகின் துடுப்புச் சக்கரத்தில் சுற்றிக்கொள்ள ஆரம்பித்தது. நாற்றம் வேறு. குழந்தைகளைக் கூட்டி வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். மீன்கள் வயிறு காட்டி மிதந்த வாரத்தில் மைத்துனர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “மாப்பிள்ளை, உங்க கொட்டகைத் தண்ணிதான் எங்க ஏரியை இப்படி ஆக்குதுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. கொஞ்சம் பார்த்துச் செய்யுங்களேன்.” இதற்கு மேல் மரியாதையாக ஒரு மனிதரால் சொல்ல முடியாது. அதற்கு நான் அளித்த பதிலைத் தங்கள் பார்வைக்கு வைக்க வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் மனுவில் உண்மையை மறைக்கக் கூடாது. “அது விஷமில்ல மச்சான், சத்து. உங்க ஏரிக்கு நான் ஓசியிலதான் போட்டுக்கிட்டு இருக்கேன்” என்றேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். அன்றிலிருந்து துணைவியார் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

7. இந்தச் சமயத்தில் வெளியூரில் மண்ணில்லாத் தோட்டக்காரர்களின் மாநாடு ஒன்று நடந்தது. “உர மேலாண்மையில் துல்லியம்” என்ற தலைப்பில் உரையாற்ற என்னை அழைத்திருந்தார்கள். கொட்டகையைத் துணைவியாரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. பேச்சுவார்த்தை இல்லாததால், எந்தக் கேனிலிருந்து எவ்வளவு உரம், எந்த வேளைக்கு ஊற்ற வேண்டும் என்று விளக்கமாகப் பேசிப் பதிவு செய்து அவருடைய கைப்பேசிக்கு அனுப்பிவிட்டுப் புறப்பட்டேன். என் குரலைக் கேட்க விருப்பமில்லாததால் அவர் அதைத் திறக்கவே இல்லை. தொட்டியில் தண்ணீர் இறங்கும்போதெல்லாம் வெறும் தண்ணீரை ஊற்றினார். மீட்டர் கூவியது. தலைவலியாக இருக்கிறது என்று அதன் பேட்டரியைக் கழற்றி, நெடுநாளாக நின்றுபோயிருந்த எங்கள் சுவர்க் கடிகாரத்தில் போட்டுவிட்டார். சனிக்கிழமை வால்வையும் திறக்கவில்லை. பின்னாளில் பேச்சு திரும்பியதும் கேட்டதற்கு, “எங்க அண்ணன் தலையில நான் கொட்டணுமா?” என்றார். இதெல்லாம் நான் மேடையில் நின்று துல்லியத்தைப் பற்றிப் பேசி, கைதட்டல் வாங்கி, பொன்னாடையும் போர்த்திக்கொண்ட அதே நாட்களில் நடந்தது.

8. திரும்பி வந்து கொட்டகைக் கதவைத் திறந்தபோது எல்லாம் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். வரும் வழியெல்லாம் என்னென்ன சொல்லித் திட்டுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். உள்ளே லெட்டூஸ் தளதளவென்று நின்றது. ஓர் இலையில்கூடக் கருகல் இல்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட நாட்களில் அவை அப்படி நின்றதே கிடையாது. பேட்டரியைக் கடிகாரத்திலிருந்து எடுத்து மீட்டரில் போட்டுப் பார்த்தேன். நான் வழக்கமாக வைத்திருக்கும் அளவில் பாதிகூட இல்லை. மீட்டர் கெட்டுவிட்டது என்று வேறொன்று வாங்கி வந்தேன். அதுவும் அதையே காட்டியது. அத்தனை வருடமாகச் செடிகளைக் கட்டாயப்படுத்தி ஊட்டி, அவை குமட்டித் துப்பியதை மைத்துனரின் ஏரிக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. துணைவியாரிடம் ஒப்புக்கொள்ள இன்னும் ஒரு வாரம். ஏதோ நுணுக்கம் தெரிந்து செய்திருப்பார் என்ற நம்பிக்கையில், எப்படித் தெரிந்துகொண்டாய் என்று கேட்டேன். “என்னத்தைத் தெரிஞ்சுக்கிட்டேன்? கோவத்துல ஊத்தாம விட்டேன்” என்றார். எங்கள் கொட்டகையில் உரக் குறைப்பு முறை கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு இவ்வளவுதான்.

9. அதன் பிறகு கோபம் இல்லாமலே அதைச் செய்யப் பழகினோம். தொட்டியில் பாதி உரம். தண்ணீர் குறைந்தால் வெறும் தண்ணீர். மீட்டர் கூவினால் மட்டும் கொஞ்சம் உரம். அறுவடைக்கு முந்தைய சில நாட்கள் எதுவுமே போடுவதில்லை; தொட்டியில் எஞ்சியிருப்பதைச் செடிகளே உறிஞ்சித் தீர்த்துவிடும். கடைசியில் தொட்டியின் அடியில் மிஞ்சும் கொஞ்சத்தைக் கொட்டகைக்குப் பின்னால் உள்ள பூசணிக் கொடிகளுக்கு வாளியில் எடுத்து ஊற்றிவிடுவோம். வால்வைத் திறக்கும் வேலை போயிற்று. வாய்க்காலுக்குப் போகும் எங்கள் வடிகாலில் இப்போது தூசிதான் இருக்கிறது. கத்தரிக்கோல் துணி தைக்கும் வேலைக்குப் போய்விட்டது. மற்ற கொட்டகைக்காரர்களிடமும் போய், நான் இதுவரை சொன்னது தப்பு என்று சொன்னேன். அவர்கள் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை விவரிக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒருவர் பின் ஒருவராக உரத்தைக் குறைத்து வால்வை மூடினார்கள்.

10. மழைக்காலம் வந்து போன பிறகு ஒருநாள் மைத்துனர் என்னைக் கூப்பிட்டனுப்பி, வாத்துப் படகில் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். எனக்கு முழங்கால் மோவாயில் இடித்தது. இருவரும் மிதித்தோம். ஏரி நடுவில் நிறுத்திக் கீழே கையைக் காட்டினார். தண்ணீரின் அடியில் மஞ்சளாக ஒன்று கிடந்தது. எப்போதோ ஒரு வாத்துப் படகின் அலகு உடைந்து விழுந்திருந்ததாம். அவரும் அதை மறந்தே போயிருந்தாராம். “அடி தெரியுது மாப்பிள்ளை” என்றார். நான் வெயில் கண்ணில் குத்துகிறது என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்று வெயிலே இல்லை. அலகை எடுத்துப் பழையபடி ஒட்டினோம். ஒட்டியது நான் என்பதால் கொஞ்சம் கோணலாக இருக்கிறது.

11. இதுவரை நடந்ததில் புகார் எதுவும் இல்லை. புகார் இனிமேல்தான். கழிவுநீர் விடும் ஒவ்வொரு தொழிற்கூடமும் வடிகால் வாயில் ஒரு லிட்டர் பிடித்து அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது தங்கள் விதி. நல்ல விதி. சொல்லப்போனால் நான் வால்வைத் திறந்து விட்ட காலத்திலேயே இது இருந்திருக்க வேண்டும். ஆனால் இந்த வருடம்தான் வந்தது. மாதிரி சேகரிக்கும் ஊழியர் வந்தார். நல்ல மனிதர், வெயிலில் பாட்டில்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அலைகிறார். என் வடிகாலைக் குனிந்து பார்த்தார். கையை விட்டுத் தடவினார். விரலில் ஒட்டிய தூசியை எனக்கே காட்டினார். “தண்ணி வரும்போது பிடிச்சு வைங்க சார்” என்று அலுவலக முத்திரைச் சீட்டு ஒட்டிய பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த முறை வந்தபோது அதை அப்படியே கொடுத்தேன். அவர் முகம் சுண்டிப்போனது. “காலியா இருக்கே சார்?” என்றார். அதுதான் என் பெருமை என்றேன். “பெருமையைப் பாட்டில்ல ஊத்த முடியாதே சார். படிவத்துல அளவு எழுத ஒரு கட்டம் இருக்கு, இல்லைன்னு எழுதக் கட்டம் இல்லை” என்றார்.

12. இரண்டாவது பாட்டிலும் காலியாகவே போனதும், கழிவுநீரை ரகசியக் குழாய் வழியாக வெளியேற்றுகிறேன் என்ற ஐயத்தின் பேரில் தங்கள் அலுவலகத்திலிருந்து குழு ஒன்று வந்தது. தரையைத் தட்டிப் பார்த்தார்கள். சுவரில் காது வைத்துக் கேட்டார்கள். அங்கே மட்டும் மண் ஈரமாக இருக்கிறதே என்று பூசணிக் கொடிகளின் அடியைத் தோண்டினார்கள். அங்கே எங்கள் வீட்டு நீளக் கரண்டி கிடைத்தது. உரம் கலக்க நான் எடுத்துப்போய்த் தொலைத்துவிட்டு, நான் எடுக்கவே இல்லை என்று சாதித்து வந்த கரண்டி அது. “நீங்க வந்ததுல எனக்காவது ஒரு பிரயோஜனம்” என்று துணைவியார் குழுவினருக்குத் தேநீர் கொடுத்தார். ரகசியக் குழாய் கிடைக்கவில்லை. கிடைக்காததால் அது மிகவும் ரகசியமாக இருக்கிறது என்று முடிவு செய்யப்பட்டது. மூன்றாவது பாட்டிலும் காலியாக வந்தால் மறைத்ததாகவே கருதப்படும் என்று எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்டது.

13. இனி வருவது முழுக்க என் கைவேலை. மாதிரி சேகரிக்கும் ஊழியர் எனக்கு எந்த யோசனையும் சொல்லித் தரவில்லை என்பதைத் தனியாகப் பதிவு செய்கிறேன். இதை நான் யாருடைய உதவியும் இல்லாமல் செய்தேன். துணைவியார் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தார். மூன்றாவது பாட்டில் சமையலறை மேடை மேல் காலியாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு லிட்டர் தண்ணீர்தானே, கொஞ்சம் உரத்தைக் கரைத்துக் கொடுத்தால் எல்லோருக்கும் நிம்மதி என்று தோன்றியது. அளவுக்குள் இருக்கும்படி ஒரு சிட்டிகை போதும். நான் ஒரு சிட்டிகை போட்டேன். போதாது போலிருந்தது. இன்னும் கொஞ்சம் போட்டேன். கை தன்னால் போகிறது அம்மா. உண்மையான கழிவுநீர் இத்தனை தெளிவாக இருக்காதே என்று அடுத்த கவலை வந்தது. அடுப்பில் மீந்திருந்த தேநீரை வடிகட்டி ஊற்றினேன். நிறம் பிரமாதமாக வந்தது. நிறத்துக்கு ஏற்ற காரம் வேண்டாமா என்று மேலும் ஒரு கரண்டி உரம். மண்ணுக்கடியிலிருந்து மீட்கப்பட்ட அதே நீளக் கரண்டி.

14. ஆய்வு முடிவு வந்தது. உரம் அனுமதிக்கப்பட்டதைப் போல் பல மடங்கு. அத்துடன் “இனம் காண இயலாத தாவரச் சாயம், கூடுதல் விசாரணை தேவை” என்று ஒரு குறிப்பு. கூடுதல் விசாரணை தேவையில்லை. அது எங்கள் வீட்டுத் தேநீர். இஞ்சி தட்டிப் போட்டது. நான் வாய்க்காலில் கொட்டிய காலத்தில் எந்த அலுவலகமும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொட்டாமல் இருந்ததால் சந்தேகப்பட்டு, கொட்டியதாக நடித்து, நடிப்பிலும் கை மீறிப்போய், இப்போது கையும் களவுமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். துணைவியாரிடம் உண்மையைச் சொன்னபோது அவர் அந்த நீளக் கரண்டியை எடுத்துக் கழுவி ஆணியில் மாட்டினார். பழைய மௌனம் திரும்பிவிட்டதோ என்று பயந்துபோனேன். பிறகு சொன்னார்: “செடிக்குக் கம்மியா போடக் கத்துக்கிட்டீங்க. பாட்டிலுக்குக் கம்மியா போட முடியலையா?”

15. என் கொட்டகையோடு விஷயம் முடிந்திருந்தால் செய்ததை அனுபவி என்று பேசாமல் இருந்திருப்பேன். அறிவிப்பு என் கதவில் ஒட்டப்பட்டதும் மற்ற கொட்டகைக்காரர்கள் வந்து நின்று படித்தார்கள். நான் தேநீர் விவகாரத்தைச் சொன்னேன். நம்பினார்கள், என்னைத் தெரியும் என்பதால் உடனே நம்பினார்கள். ஆனால் நம்பி என்ன? ஒருவர் சொன்னார்: “டாக்டரே, வால்வை மூடினா பாட்டில் காலி, சந்தேகப்படுறாங்க. திறந்துவிட்டா பாட்டில் நிறையுது, அளவுக்குள்ள இருந்தா சான்றிதழே தர்றாங்க. எதுக்கு வம்பு?” அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அந்தச் சனிக்கிழமை வாய்க்காலில் மறுபடியும் தண்ணீர் ஓடியது. மாதிரி பிடிக்க ஒரு லிட்டர் போதும். ஆனால் ஒரு லிட்டருக்காக யாரும் தனியாக வால்வு வைப்பதில்லை, தொட்டியைத்தான் திறக்கிறார்கள். அளவுக்குள் இருக்கிறது என்று சான்று பெற்ற தண்ணீரே இப்போது வாராவாரம் ஏரிக்குப் போகிறது. எல்லாக் கொட்டகையின் அளவும் ஒரே ஏரியில்தான் சேர்கிறது.

16. நேற்று மைத்துனரைப் பார்க்கப் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. படகில் ஏற்றி அதே இடத்துக்குக் கூட்டிப்போனார். அலகு கிடந்த இடம் தெரியவில்லை. ஓரத்தில் பச்சை பிடிக்க ஆரம்பித்துவிட்டது. படகுகளுக்குப் புது வண்ணம் அடித்து வைத்திருக்கிறார். விடுமுறைக்கு ஆட்கள் வருவார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். திரும்பி மிதிக்கும்போது, “நாளைக்கு உங்க கதவைப் பூட்டினா எங்க ஏரி நல்லாயிடுமா மாப்பிள்ளை?” என்று மட்டும் கேட்டார். நான் வேகமாக மிதிக்க ஆரம்பித்தேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தவன் நான்.

17. ஆகவே தங்களிடம் நான் கேட்பது இவை.

முதலாவதாக, சீல் வைக்க வருகிறவர்கள் சீலை எடுத்து வைக்கும் முன் என் வடிகாலில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். தாங்களே வந்தால் இன்னும் நல்லது. தொட்டியைப் பார்க்கலாம், மீட்டரைப் பார்க்கலாம், பூசணிக் கொடிகளை மறுபடி தோண்டிக்கொள்ளலாம். கரண்டி இனி அங்கே இருக்காது.

அடுத்து, தங்கள் படிவத்தில் “கழிவுநீர் இல்லை” என்று எழுத ஒரு கட்டம் வேண்டும். வடிகால் உலர்ந்திருப்பதை ஊழியர் நேரில் பார்த்து உறுதி செய்தால், காலிப் பாட்டில் முழு மாதிரியாக ஏற்கப்பட வேண்டும். அந்த ஒரு கட்டம் வந்துவிட்டால் வாய்க்கால் கரையில் உள்ள அத்தனை வால்வுகளும் மறுபடி மூடும் என்று நான் உறுதி கூற முடியும். என் உறுதியின் தரம் தங்களுக்குத் தெரியும் என்பதால், மற்ற கொட்டகைக்காரர்களிடமும் தாங்கள் நேரடியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக என் தண்டனை. பொய் மாதிரி கொடுத்தது குற்றம், மன்னிக்கக் கேட்கவில்லை. பம்பை நிறுத்தும் தண்டனை மட்டும் வேண்டாம். செடிகள் இதில் ஒரு தப்பும் செய்யவில்லை. இந்த விவகாரத்தில் அளவாக நடந்துகொண்டது அவை மட்டும்தான். அதற்குப் பதிலாக, ஏரியில் மீண்டும் பிடித்திருக்கும் பாசியை அள்ளி அகற்றும் வேலையை எனக்கு விதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மேற்பார்வைக்கு என் மைத்துனரை நியமிக்கலாம். அவர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க நான் இடுப்பளவு தண்ணீரில் பாசி அள்ளுவதைவிடப் பெரிய தண்டனை தங்கள் சட்டப் புத்தகத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

18. தங்கள் அலுவலகம் எனக்கு அளித்த நான்காவது பாட்டிலை இத்துடன் இணைத்துள்ளேன். முந்தைய பாட்டிலில் இருந்தது பொய். இதில் இருப்பதுதான் என் கொட்டகையிலிருந்து ஏரிக்குப் போகும் கழிவுநீர் முழுவதும். தயவுசெய்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும். நாளை காலை பம்பு ஓட வேண்டும் அம்மா. மற்றதைத் தாங்கள் எப்படி முடிவு செய்தாலும் நான் கட்டுப்படுகிறேன்.

நாள்: சீல் வைக்கக் குறித்த நாளுக்கு முந்தின மாலை
இடம்: கொட்டகை, பம்புக்குப் பக்கத்தில்

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
முன்னாள் உர டாக்டர்

இணைப்பு: பாட்டில் ஒன்று, காலி.

சாட்சிக் குறிப்பு: மேற்படி பாட்டிலைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மூடி போட்டு, என் கையாலேயே அலுவலகத்தில் ஒப்படைக்கிறேன். வழியில் எந்த இடத்திலும் அதை இவர் கையில் கொடுக்கவில்லை.
(ஒப்பம்)
மனுதாரரின் மனைவி